டச் பண்ணாத அதிரசம்

“யாரும் டச் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனேன்! தட்டுல இருந்த அதிரசம் எங்கே? பொற்கொடி, நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே!”

கத்தியவர் எதிர்வீட்டு ஞானசிகாமணி, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். வார்த்தைக்கு வேர் சொல்லாவிட்டால் அவருக்குத் தண்ணீர் இறங்காது. அவர் மனைவியும் நானும் வாயே திறக்கவில்லை.

சமையல்காரப் பொற்கொடி மட்டும் கேட்டாள்: “டச்சுன்னா என்னங்க சார்?”

அவ்வளவுதான், மனுஷன் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். “ஆதியில அதுக்குத் தட்டுறதுன்னு அர்த்தம். மணியை டங்குனு தட்டுற மாதிரி. தொடுறதெல்லாம் பின்னாடி வந்தது!”

“அப்ப நாங்க டச்சே பண்ணலையே சார்! ஒண்ணைக்கூடத் தட்டலை. பூ மாதிரி எடுத்துத்தான் தின்னோம்.”

“தின்னோமா?”

அவர் எங்கள் இருவரின் உப்பிய கன்னங்களைப் பார்த்தார்.

“சரி பொற்கொடி, நாளைக்கு வா. எனக்கு ஒரே ஒரு அதிரசம் குடுங்களேன்... யாராவது?”