மலைக்குப் பேர் வைத்த பாட்டனார்

முன்பொரு காலத்தில், மேற்கே மலையும் கிழக்கே வயலுமாகக் கிடந்த கொன்றைநாட்டைப் பரிதிவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்றால் பெரும்பாலும் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், மலைமேல் குளுகுளுவென்று ஒரு மாளிகை கட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது நடந்தாக வேண்டும். ராஜாக்களுக்கு அப்படியொரு வியாதி.

மலைமேலோ எழுபது குடும்பங்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தன. அவர்களை எப்படிக் கீழே இறக்குவது என்று ராஜா தலையைச் சொறிந்தபோது, ஆஸ்தானப் புலவர் வாகீசர் தொண்டையைச் செருமினார்.

"மாமன்னர் பரிதிவர்மரே! 'மலை' என்ற சொல்லே அரண்மனைச் சொத்து. தங்கள் கொள்ளுப்பாட்டனார் ஒருநாள் அண்ணாந்து பார்த்து மலைத்து நின்றார். அவர் மலைத்ததால் அது மலை ஆயிற்று."

"அதற்கு முன் அது அங்கே இருந்ததா?"

"இருந்தது மன்னா. ஆனால் சும்மா இருந்தது."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாகீசர் அதோடு விடவில்லை. "என் ஆட்கள் மேலே போய் நாற்பது பேரிடம் 'இது என்ன?' என்று கேட்டார்கள். நாற்பது பேரும் விரலைத் தூக்கி 'அது' என்கிறார்கள்! பேர்கூடத் தெரியாத பொருள் எப்படி அவர்களுக்குச் சொந்தமாகும்?"

ஆடி பிறப்பதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று முரசறைந்தாயிற்று.

மூன்றாம் நாள் சபைக்கு வெள்ளாயி என்ற ஆட்டுக்காரி வந்து நின்றாள். தோளில் கம்பளி, காலில் புழுதி. அவளுக்கு ஒரே பயம். கீழே நெல்வயல் நடுவில் இத்தனை ஆட்டை எவன் விடுவான்? இறங்கினால் ஆடும் செத்தது, அவர்களும் செத்தார்கள்.

"உனக்கு ஒரே ஒரு கேள்வி" என்றார் வாகீசர், மீசையைத் தடவிக்கொண்டு. "நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குப் பேர் என்ன? இரண்டே எழுத்து. சொல்லிவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளலாம்."

வெள்ளாயிக்கு அந்தப் பேர் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கே நின்றாலும் அதைச் சொல்வது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. ஏழு தலைமுறையாக யாரும் சொன்னதில்லை.

"மடியில வச்சு எங்களக் காப்பாத்துறவுக சாமி. அவுக பேர நாங்க வாயால சொல்ல மாட்டோம்."

"தெரியாதவர்கள் எல்லாரும் சொல்கிற சாக்கு!" என்று வாகீசர் சிரித்தார். சபையும் சிரித்தது. ராஜாவும் சேர்ந்துகொண்டார்.

வெள்ளாயிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் பயம் போன இடம் தெரியவில்லை.

"ராசா, அப்ப பேர் சொல்லாதவுகளுக்குச் சொந்தமில்ல, சொல்றவுகளுக்குத்தான் சொந்தம். இதுதானே உங்க சட்டம்? இந்த அரமனைக்கும் இதே சட்டந்தானா?"

"எல்லாருக்கும் இதுவே சட்டம். இது என் வாக்கு!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

அவள் நேராக ராணி மங்கையர்திலகத்தின் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஒங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

ராணியின் முகம் சிவந்துவிட்டது. கட்டின புருஷன் பேரைச் சபை நடுவே சொல்வதா? "அது... அவங்கதான்... காலையில கிழக்கால வருமே, சாயங்காலம் மேற்கால போகுமே..."

"பேரு, தாயி, பேரு!"

"அடி போடி, மாட்டேன்!" என்று ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராணியம்மாவுக்குப் பேர் தெரியல" என்றாள் வெள்ளாயி. "சரி, சபையிலே ராசா பேர ஓயாமச் சொல்றது யாரு?"

நூறு விரல்கள் வாகீசரைக் காட்டின. அவர் நெளிந்தார்.

"அப்ப சட்டப்படி ராசா இவருக்குத்தான் சொந்தம். ராணியம்மா மூட்டையக் கட்டட்டும். ராசா, இன்னையிலேருந்து நீங்க புலவர் வீட்டுலதான் படுத்துக்கணும்."

ராஜா புலவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெற்றிலைக் கறை, தொந்தி, காதோர மயிர். தம்மையறியாமல் ராணி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ராணி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ராஜாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கெட்டிக்காரியம்மா நீ! சட்டமும் வேண்டாம், மாளிகையும் வேண்டாம். எனக்கு விசிறியே போதும்" என்று தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். "வாகீசரே, நீர் இவளோடு போய் ஒரு வருஷம் மேலேயே இரும். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று நேரில் விசாரித்து வாரும். பல்லக்கு கிடையாது."

மறுநாள் இருவரும் ஏறினார்கள். வெள்ளாயி ஆட்டைப் போலத் தாவிப் போனாள். வாகீசர் சுவடிக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு, பாதி வழியில் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டார். மேலே இன்னும் அவ்வளவு தூரம் மிச்சமிருந்தது.

"என்ன புலவரே, நிக்கிறீக? இன்னும் எது மேல ஏறணும்னு தெரியுதா?"

வாகீசர் வாயைத் திறந்தார். மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை. அண்ணாந்து பார்த்து, மெல்ல ஒரு விரலைத் தூக்கினார்.

"அது" என்றார்.