பேர் சொன்னால் வருமா?

கோயமுத்தூர் கார்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் தெய்வசிகாமணி வாயைத் திறந்தால் இரண்டே பேச்சுதான். ஒன்று, கார் பந்தயத்தில் இறங்கிய சினிமா நடிகர் இவர் தோளில் கை போட்ட கதை. இன்னொன்று, கார்ப் பேர்களின் உச்சரிப்பு. யாராவது 'ரெனால்ட்' என்றால் போதும், "ரெனோங்க, ரெனோ!" என்று டீயைக்கூட நிம்மதியாகக் குடிக்க விடமாட்டார்.

அந்த நடிகரின் பந்தயத்தைப் பார்க்கச் சங்கமே பேக்கரி வாசலில் கிளம்பி நின்றபோது, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ரங்கநாயகியும் 'எல்' போர்டு மாட்டிய தன் பழைய காரில் வந்து சேர்ந்தாள்.

சிகாமணி தன் புது ஜெர்மனிக் காரைத் தட்டிக் காட்டினார். "இது பேரை ஜெர்மன்காரன் மாதிரியே சொல்லு. சொன்னாத்தான் எங்ககூட வரலாம்."

"எங்க ஊட்டுக்காரர் பேரையே நான் சொன்னதில்லீங்க. இது அவரைவிட மதிப்பானதாச்சே, பேர் சொல்லிக் கூப்பிடலாங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிகாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நீ தனியாவே போ!"

அவள் பேக்கரி முன்னாலிருந்த வேகத்தடையில் ஏறி இறங்கிப் போனாள். அவளை முந்தச் சீறி வந்த ஜெர்மனிக் கார், அடிவயிறு தட்டி அந்த வேகத்தடை மேலேயே உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பந்தயத்துக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது.

ரங்கநாயகி இறங்கி வந்தாள்.

"நீங்கதான் சுத்தமா சொல்லுவீங்களே. பேர் சொல்லிக் கூப்பிடுங்க, வருதான்னு பாப்போம்."

சிகாமணி கூப்பிட்டார், காரை இல்லை. "ரங்கநாயகி அம்மா, உங்ககிட்ட கயிறு இருக்குங்களா?"

அன்றைக்குப் பந்தய மைதானம் வரைக்கும் 'எல்' போர்டுதான் முன்னால் போனது.