வாத்து நடைக்குக் கூசிய ஓநாய்

ஒரு காட்டில், குழந்தைகளே, ஆளுயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. அந்தக் காட்டு மலைச்சரிவில் ஒரு குகை. அதில் செம்பி என்ற மலையாடு குடியிருந்தாள்.

குகையில் சேர்த்துவைத்த புல் தீர்ந்துவிட்டது. எதிர்மேட்டில் காற்று பனியை ஊதித் தள்ளியிருந்ததால் செடிகள் பச்சைப்பசேலென்று தெரிந்தன. ஆனால் குறுக்கே இருந்த பனியில் காலை வைத்தால் வயிறுவரை புதைந்தது. பாவம், செம்பிக்குப் பசி காதை அடைத்தது.

அந்த வழியாக ஒரு முயல் துள்ளித் துள்ளிப் போனது.

"நீ மட்டும் எப்படியப்பா புதையாமல் போகிறாய்?" என்று கேட்டாள் செம்பி.

"என் பாதம் எவ்வளவு அகலம், பார்! உன் குளம்பு ஊசி மாதிரி குத்தினால் பனி தாங்குமா?" என்றது முயல்.

செம்பி உடனே வேலையில் இறங்கினாள். இளங்குச்சிகளை வளைத்து, மரப்பட்டை நாரால் பின்னி, முறம் போல நான்கு பனிச்செருப்புகள் செய்து காலில் கட்டிக்கொண்டாள்.

முதல் அடி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது அடியில் பின்கால் செருப்பு முன்கால் செருப்பை மிதித்தது. தொபுக்கடீர்! வாயெல்லாம் பனி. முயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சிரி, சிரி! சிரித்துவிட்டுப் போ!" என்று எழுந்தாள் செம்பி. மறுபடி விழுந்தாள். குகை வாசலிலேயே விழுந்து விழுந்து பழகியதில் ஒன்று பிடிபட்டது. கால்களை நன்றாக அகட்டி வைத்தால் செருப்பு செருப்பை மிதிக்காது. பார்க்க அசல் வாத்து நடைதான். அழகா முக்கியம்? புதையாமல் போக முடிந்ததே!

பிறகு இன்னும் நல்லதாக நான்கு பின்னிக் கட்டிக்கொண்டாள். பழையதைக் குகையில் மாட்டிவிட்டு, ஆடி அசைந்து எதிர்மேட்டுக்குப் போய் வயிறார மேய்ந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பினால், குகை வாசலில் நரையன் என்ற ஓநாய் படுத்திருந்தான்! பாறை வழியாக வந்திருக்கிறான். அவனுக்குத் தன் நடையில் அப்படியொரு கர்வம். முன்கால் பதிந்த தடத்திலேயே பின்காலை வைத்து, நூல் பிடித்தாற்போல நடப்பான்.

"வா செம்பி! பனியில் இறங்கி உன்னைத் துரத்த என்னால் முடியாது. ஆனால் இங்கிருந்து நகரவும் மாட்டேன். வெளியிலேயே நின்றால் குளிரில் விறைத்துப்போவாய்" என்றான்.

அவன் சொன்னது நிஜம்தானே! செம்பி சற்று யோசித்தாள்.

"ஓநாயண்ணா, உள்ளே என் பழைய பனிச்செருப்பு இருக்கிறது. கட்டிக்கொண்டு வந்து பிடியேன். ஒன்று மட்டும் கேள். புதிதாகக் கட்டுகிறவர் காலை அகட்டி, வாத்து மாதிரி மெதுவாக நடக்க வேண்டும்."

"வாத்து மாதிரியா? நானா? காடே கண்வைக்கும் நடையடி என் நடை! எனக்கு நீ நடக்கக் கற்றுத்தருகிறாயா?"

விறுவிறுவென்று செருப்புகளைக் கட்டினான். பனியில் பாய்ந்தான். வழக்கம்போல முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலை வைத்தான். முன்செருப்பைப் பின்செருப்பு அழுத்திப் பிடித்துக்கொள்ள, குப்புற விழுந்தான். விழுந்தவன் நிற்கவில்லை. கால்கள் மேலும் கீழுமாகச் சுழல, சரிவில் உருண்டு உருண்டு மலையடிவாரத்துக்கே போய்ச் சேர்ந்தான்.

"அடியே, என்னை ஏமாற்றிவிட்டாயே!" என்று கீழேயிருந்து அலறினான்.

"நான் எங்கேயண்ணா ஏமாற்றினேன்? உள்ளதைத்தானே சொன்னேன்!" என்று சொல்லிவிட்டு, செம்பி வாத்து நடை நடந்து குகைக்குள் போனாள்.

நீதி: புதிதாகக் கற்கும்போது கோணலாக நடக்கக் கூசுகிறவன், கற்காமலே குப்புற விழுவான்.