மாநாட்டிலிருந்து திரும்பாத கொக்கு

ஒரு காட்டில் கொக்கு ஒன்று பல் டாக்டராக இருந்தது, பிள்ளைகளே. கெட்டிக்கார டாக்டர். அதன் மெல்லிய நீண்ட அலகு வாய்க்குள் போனதும் தெரியாது, சொத்தைப் பல் வெளியே வந்ததும் தெரியாது. மற்ற டாக்டர்களுக்குக் கைராசி என்பார்களே, கொக்குக்கு அலகுராசி.

ஆனால் தன்னைப் பற்றிய பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது மரியாதைக்குத்தான்.

புல் தின்னும் மான்களுக்குப் பல் வலி வருவதே அபூர்வம். தேனைக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் தூங்கும் கரடிகள்தாம் ஒரு பல் டாக்டருக்குச் சோறு போட முடியும். அப்படி ஒரு கரடிக் கூட்டம் மலைச்சரிவில் புதிதாகக் குடியேறியிருந்தது. அவை வந்தால் கொக்கின் மருத்துவமனை பிழைக்கும். வராவிட்டால் இழுத்து மூடிவிட்டுப் பழையபடி ஆற்றில் மீன் பிடிக்க வேண்டியதுதான்.

கவலையோடு கொக்கு நரியை அழைத்தது. அதன் இணையதளத்தை அமைத்துக் கொடுத்தது நரிதான்.

"நரியாரே, கரடிகள் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லையே! நம் இணையதளத்தில் என்ன குறை?"

முகஸ்துதியே நரியின் பிழைப்பு. "உங்கள் படம் போதவில்லை, டாக்டர்" என்றது.

"இடது பக்கம் திரும்பி நிற்பதுபோல் இன்னொன்று போடலாமா?"

"நிற்பதா? திறந்ததும் நீங்கள் சிறகு விரித்துப் பறந்து வர வேண்டும்! பின்னணியில் நாதஸ்வரம் முழங்க வேண்டும்!"

கொக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூலியாக நல்ல கெண்டை மீன்களைக் கவ்விக்கொண்டு நரி போனது.

அன்றுமுதல் அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் முதலில் கொக்கு பறப்பதைப் பார்த்தாக வேண்டும். பிறகு கொக்கு முட்டையிலிருந்து வெளிவந்த வரலாறு. அடுத்து அது வாங்கிய பட்டங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில், 'ஆற்றங்கரை இலுப்பை மரம்' என்று முகவரி. கொக்கு அங்கிருந்து பாறையடிக்குக் குடிமாறி வெகு காலம் ஆயிற்று. இலுப்பை மரத்தில் இப்போது குளவிகள் குடியிருந்தன.

மின்னஞ்சலின் கதை இன்னும் மோசம். மழைக்காலத்தில் பறவை டாக்டர்கள் மாநாட்டுக்குப் புறப்பட்டபோது, யார் எழுதினாலும் தானாகப் போகும்படி கொக்கு ஒரு பதிலை எழுதி வைத்தது: 'டாக்டர் மாநாட்டில் இருக்கிறார். திரும்பியதும் பதில் எழுதுவார்.' மாநாடு முடிந்து, பொன்னாடையோடு கொக்கு திரும்பியும் வந்தது. அந்தப் பதிலை மட்டும் எடுக்க மறந்துவிட்டது. வெயில் கொளுத்தும்போதும் மின்னஞ்சல் கொக்கை மாநாட்டிலேயே உட்கார வைத்திருந்தது.

முயல் ஒன்று நேரில் வந்து சொல்லியும் பார்த்தது. "டாக்டர், எத்தனை முறை எழுதினாலும் மாநாடு என்றே பதில் வருகிறதே?"

"வரட்டுமே! மாநாட்டுக்குப் போகிற டாக்டர் என்றால் ஒரு மதிப்புத்தானே?"

"என் பல்..."

"அது இருக்கட்டும். நான் பறப்பதைப் பார்த்தாயா?"

முயல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கொக்கும் வந்த கடிதங்களைத் திறந்து பார்க்கவில்லை. பெரிய மனிதர்கள் எழுத மாட்டார்கள், நேரில்தான் வருவார்கள் என்பது அதன் கணக்கு.

ஒருநாள் காலை, கரடிக் கூட்டத்தின் தலைவரே ஆற்றுக்கு வந்தார். கன்னத்தில் பச்சிலைப் பற்று. கொக்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வணக்கம் கரடியாரே! பல் வலியா? வாயைத் திறங்கள்!"

கரடி திறந்தது. உள்ளே இரண்டு பற்களைக் காணோம். ஈறு வீங்கிச் சிவந்திருந்தது.

"ஐயையோ! யார் செய்த வேலை இது?"

"மரங்கொத்தி."

"அந்த அரைகுறையா? ஒன்று நல்ல பல்லாயிற்றே! அதை ஏன் பிடுங்கினான்?"

"தவறித்தான். முதலில் நல்லதைப் பிடுங்கினான், பிறகு சொத்தையைப் பிடுங்கினான்."

"என்னிடம் வந்திருக்கலாமே!"

"வந்தேன் ஐயா" என்றது கரடி. "வலியோடு உங்கள் பக்கத்தைத் திறந்தேன். நீங்கள் பறந்தீர்கள். பறந்து முடியும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகவரியைத் தேடி எடுத்து இலுப்பை மரத்துக்குப் போனால் குளவி என் மூக்கைப் பதம் பார்த்தது. எழுதினேன், மாநாடு என்றீர்கள். மறுநாளும் எழுதினேன், அப்போதும் மாநாடு. மரங்கொத்தியின் இணையப் பக்கத்தில் இருப்பது சில வரிதான். என்ன வைத்தியம், எந்த மரம், எந்த நேரம், எப்படிக் கூப்பிடுவது, அவ்வளவே. எழுதிய உடனே 'இதோ வருகிறேன்' என்று பதில் வந்தது. பின்னாலேயே அவனும் வந்தான்."

"வந்து தப்பான பல்லையல்லவா பிடுங்கினான்!"

"தப்பான பல்லைப் பிடுங்கினாலும், வந்து பிடுங்கினானே! 'வலி குறைந்ததா' என்று மறுநாள் கேட்டும் எழுதினான். எங்கள் கூட்டத்துக்கு இனி அவன்தான் டாக்டர்."

கரடி தண்ணீர் குடித்துவிட்டுத் தன் வழியே போனது.

பாறையடி மருத்துவமனை மூடப்பட்டது. கொக்கு ஆற்றில் இறங்கி ஒற்றைக் காலில் நின்றது. மேட்டுப் பாதையில் கரடிகள் கன்னத்தைப் பிடித்தபடி, வரிசையாக மரங்கொத்தியிடம் போய்க்கொண்டிருந்தன. அவற்றையே வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்ததில், காலடியில் வந்த மீனையும் கொக்கு விட்டுவிட்டது.

நீதி: கூப்பிட்டால் குரல் கொடுக்காத கெட்டிக்காரனைவிட, ஓடி வரும் அரைகுறையையே ஊர் தேடிப் போகும்.