ஓரத்தில் எழுதிய கேள்வி

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் மாசிலாமணி என்றொரு சீடர் இருந்தார். குரு பரஞ்சோதி சுவாமிக்கு வயது நாற்பது, சீடருக்கோ அறுபத்தாறு. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். ஆசிரமத்து நூலகம் அவர் பொறுப்பில் இருந்தது. யாராவது ஒரு பக்கத்தின் முனையை மடித்துவிட்டால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் காலை அவர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்தார். ஆசிரமத்தை நிறுவிய பெரிய சுவாமியின் வாழ்க்கை வரலாறு. இருப்பதே ஒரு பிரதி. புதிதாக வந்திருந்த கோதைநாயகி அதை வாங்கிப்போய், பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு, ஓரமெல்லாம் எழுதியும் வைத்திருந்தாள். கேட்டதற்கு, கோடு போடாமல் படித்தால் தனக்கு மனசில் நிற்பதில்லை என்றாளாம். இனி அவளுக்குப் புத்தகமே தரக் கூடாது என்பது மாசிலாமணியின் முறையீடு.

"புத்தகத்தில் எழுதலாமா சுவாமி? நீங்களே சொல்லுங்கள்."

குரு இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பென்சில்தானே. நீங்களே அழித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து அழியுங்கள், அச்சு அழிந்துவிடப் போகிறது."

மாசிலாமணி ரப்பரோடு உட்கார்ந்தார். ஓரிடத்தில் 'புரியவில்லை' என்றிருந்தது. இன்னோரிடத்தில் 'இவருக்குக் கோபமே வராதா?' ஒரு பக்கத்தில் வெறும் 'ஆகா'. உதட்டைப் பிதுக்கியபடி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார்.

மதியத்துக்குமேல் பெரிய சுவாமி துறவு பூணும் அத்தியாயம் வந்தது. பதினோரு தடவை படித்து அவருக்கு மனப்பாடமான இடம். 'தாய் வாசல்வரை வந்தாள். சுவாமி திரும்பிப் பார்க்கவில்லை.' இரண்டாவது வரியைத்தான் ஆசிரமத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். கோதைநாயகி முதல் வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'அப்புறம் அவள் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றாள்?'

ரப்பர் பிடித்த கை அப்படியே நின்றது.

மாசிலாமணிக்கு ஒரே மகள், செண்பகம். ஆறு வருடத்துக்கு முன் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பேருந்து நிலையம்வரை கூடவே வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. பற்று அறுந்துவிட்டது என்று அவருக்கு உள்ளூர நிறைவாகக்கூட இருந்தது. பிறகு அவளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அவர் பதில் போடவில்லை. பேருந்து போனபின் அவள் எப்போது வீடு திரும்பினாள் என்று இந்த ஆறு வருடத்தில் ஒருநாளும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

சாயங்காலம் குருவிடம் போனார்.

"எல்லாம் அழித்தாயிற்றா?"

"ஒன்று மட்டும் பாக்கி சுவாமி."

குரு புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?"

"இத்தனை தடவை படித்தும் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. இது மட்டும் இருக்கட்டுமே."

"பதில் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது." மாசிலாமணி குருவின் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். "தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள்."

குரு புத்தகத்தை மூடி அவர் கையில் வைத்தார்.

"அப்படியானால் இதையும் அழித்துவிடுங்கள். இந்தக் கேள்வியை எழுத வேண்டிய இடம் இது இல்லை."