நரி தலைவர், எருமைக்குத் தாகம்

வெயில் காலத்தில் அந்தக் காட்டுக் குளம் வற்றி, தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கரையோ செங்குத்து. இளசுகள் ஒரே தாவில் இறங்கிக் குடிக்கும், ஒரே தாவில் ஏறிவிடும். வயசானதுகள் இறங்கினால் சேறுதான்.

வளைகொம்பி என்ற கிழ எருமை அப்படித்தான் சேற்றில் மாட்டி, அரை நாள் கிடந்து எழுந்தது. அதைப் பார்த்துக் காட்டுக்கே மனசு உருகிவிட்டது. உருகின கையோடு முதியோர் நலக் குழு ஒன்றை ஆரம்பித்தாயிற்று. தலைவர், வாலிப நரி. செயலாளர், குரங்கு. குழுவில் ஒரு கிழடுகூட இல்லை.

“எங்களில் ஒருத்தரைச் சேர்த்துக்கக் கூடாதா தம்பி?” என்று கேட்டது எருமை.

“உங்களுக்கு எதுக்கு ஆத்தா சிரமம்? வயசானவங்க கஷ்டம் அவங்களுக்கே சொல்லத் தெரியாது. நாங்க இருக்கோம்ல” என்றது நரி.

குழு கூடிக் கூடிப் பேசியது. முதியவர்கள் காட்டின் பொக்கிஷம் என்று முடிவெடுத்தது. பொக்கிஷம் சேற்றில் இறங்கலாமா? அதனால் கிழடுகள் குளத்துப் பக்கமே வரக் கூடாது, புங்க மரத்தடியில் ஓய்வாகப் படுத்திருக்கலாம், தண்ணீர் தேக்கிலையில் தேடி வரும் என்று அறிவித்தது. ஆளுக்கொரு காட்டுமல்லி மாலையும் போட்டது.

தண்ணீர் தேடி வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் தூக்கி வந்த குரங்குக்குத் தரையில் நடந்து பழக்கமில்லை. கிளைக்குக் கிளை தாவி வந்து சேரும்போது இலை ஈரமாக இருக்கும். எருமை அந்த ஈரத்தை நக்கிவிட்டு மாலையைத் தின்றது. மரியாதை ருசியாகத்தான் இருந்தது, தாகம்தான் அடங்கவில்லை.

நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டதும் எருமை எழுந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த கிழப் பன்றியைக் காலால் தட்டியது.

“ஏம்ப்பா, இன்னும் பொக்கிஷமாவே கிடந்தா நம்மளைப் புதைச்சிடுவாங்க. உன் மூக்கு நல்லா இருக்கா?”

“அது ஒண்ணுதான் நல்லா இருக்கு அக்கா.”

“போதும், வா.”

பன்றி கரையைக் கிண்டிச் சரித்தது. சரிந்த மண்ணை எருமை ஏறி இறங்கி மிதித்தது. வயசான எருமைக்கு வேகம் வராது. கனம் எங்கே போகும்? மற்ற கிழடுகளும் கூட வந்து மிதித்தன. சாய்வாக ஒரு பாதை தண்ணீர்வரை இறங்கியது. எருமை வயிறு முட்டக் குடித்தது. பிறகு கால் ஒடிந்த முயலும் நிறைமாத மானும் அதே வழியில் வந்தன. அவற்றிடம் யாரும் வயசு கேட்கவில்லை.

விஷயம் குழுவுக்குப் போனது. கேட்காமல் பாதை போட்டது தப்பு, போட்ட பாதை மட்டும் குழுவின் சாதனை என்று தீர்மானம் போட்டார்கள். திறப்பு விழாவும் வைத்தார்கள். எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று நரி பழைய செங்குத்துக் கரையின் விளிம்பில் போய் நின்றது.

“முதியோருக்காக நான் கண்ட கனவு...” என்று மார்பை நிமிர்த்தி ஓர் அடி முன்னால் வைத்தது. மிதிபடாத மண் பொலபொலவென்று பெயர்ந்தது. தலைவர் கழுத்தளவு சேற்றில்!

“ஆத்தா, இழுத்து விடு! உள்ளே போறேன்!”

எருமை நிதானமாக அசைபோட்டது. “இழுக்கறதுக்கு என்னப்பா? ஆனா கஷ்டப்படறவங்களுக்கு அவங்க கஷ்டம் சொல்லத் தெரியாதாமே. குழுவைக் கூட்டிக் கேட்டுட்டு வந்துடட்டுமா?”

“குழு வேண்டாம் ஆத்தா! இனிமே நீதான் தலைவி!”

எருமை பாதையின் அடியில் நின்று வாலை நீட்டியது. நரி அதைக் கவ்விக்கொண்டு, கிழடுகள் மிதித்த மண்ணிலேயே ஊர்ந்து ஏறியது.

இப்போது குழுவுக்கு வளைகொம்பிதான் தலைமை. நரிக்கும் பொறுப்பு கொடுத்திருக்கிறது: நடக்கவே முடியாத கிழடுகளுக்குத் தேக்கிலையில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், சிந்தாமல்.

யாருக்காகக் கூட்டம் போடுகிறோமோ அவர்களை முன்னால் உட்கார வைக்காவிட்டால், எத்தனை மாலை போட்டாலும் அவர்கள் தாகம் தீராது.