நான் தொடவே இல்லை

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் ஜெனிலா மாஸ்டரின் ஜிம் இருந்தது. மாஸ்டருக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் பளுதூக்கும் போட்டிகளில் மெடல் வாங்கியவர். அவரிடம் ட்ரெய்னர் வேலை கற்றுக்கொள்ள வந்த மாசிலாமணிக்கு நாற்பத்தாறு. மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கடையில் வருடக்கணக்காக வாய் வலிக்கப் பேசியவர். கடையை மூடிவிட்டார்கள். வேறு வழி தேடி இங்கே வந்து சேர்ந்தார். இப்போது சிலருக்கு அவரே பயிற்சி கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தார்.

மாசிலாமணிக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. தசை ஏன் வலிக்கிறது, வலித்த வலி எங்கே போகிறது, தும்மினால் வயிற்றுக்குப் பயிற்சியா, ஒன்றையும் விட மாட்டார். மாஸ்டர் பாதிக்குப் பதில் சொல்வார். மீதிக்குச் சிரிப்பார்.

அன்று சாயங்காலம் வந்த கேள்வி வேறு மாதிரி.

"மாஸ்டர், பைபாஸ் ரோட்டுல புதுசா பெரிய ஜிம் வருதுல்லா? என்னைக் கூப்பிடுதாங்க. இன்னைக்கே பதில் சொல்லணுமாம்."

"நல்ல விஷயம்தானே அண்ணாச்சி."

"எந்தப் பிரிவு வேணும்னு கேக்காங்க. வெயிட் தூக்குறது ஒண்ணு. வயசானவங்களுக்குன்னு ஒண்ணு. பிள்ளை பெத்தவங்களுக்கு ஒண்ணு. வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு போன்லயே சொல்லிக் கொடுக்கது ஒண்ணு. இதுல எது வளரும் மாஸ்டர்? இன்னொரு தடவை மூடப்போற கடையில போய் நிக்க என்னால முடியாது. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. பயம்தான், வேறொன்றும் இல்லை.

மாஸ்டர் பெஞ்சைக் காட்டினார். "படுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்..."

"படுங்க அண்ணாச்சி."

படுத்தார். அவர் வழக்கமாகத் தூக்குவதற்கு மேல் இரண்டு எடை பிளேட்டை இரும்பு பாரில் மாட்டிவிட்டு, மாஸ்டர் தலைமாட்டில் நின்றார். பார் நெஞ்சுவரை இறங்கியது. மேலே வருவேனா என்றது. மாசிலாமணிக்குக் கண் பிதுங்கியது. சட்டென்று எடை லேசாகி, பார் ஏறி ஸ்டாண்டில் உட்கார்ந்தது.

"பிரமாதம்! எல்லாம் நீங்கதான். நான் தொடவே இல்லை" என்றார் மாஸ்டர்.

மாசிலாமணி எழுந்து உட்கார்ந்தார். "தொட்டீங்க."

"நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுல்லா கிடந்தீங்க. எப்படித் தெரியும்?"

"அடியில கிடக்கவனுக்குத் தெரியாதா மாஸ்டர்?"

"தெரியும்லா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. தன் ஆட்கள் தூக்கும்போது தெரியாமல் இரண்டு விரல் கொடுத்துவிட்டு, இதே வசனத்தை எடுத்து விடுவது அவர் பழக்கம். அவரிடம் போனால் வாராவாரம் எடையைக் கூட்டித் தூக்கலாம் என்று ஊரில் பேச்சு. பைபாஸ் ரோட்டுக்காரர்கள் தேடி வந்ததும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

அந்த நேரம் பார்த்து செல்வின் வந்தார். கல்லூரி ஆபீசில் கிளார்க், மாசிலாமணியிடம் முதலில் சேர்ந்த ஆள். நேற்று அறுபது கிலோ தூக்கிய சந்தோஷத்தில், குடும்பத்தோடு போய் பரோட்டா சாப்பிட்டவர்.

செல்வின் அதே அறுபது கிலோவுக்குப் படுத்தார். மாசிலாமணி தலைமாட்டில் நின்றார். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டார், விரல் கொடுக்கவில்லை. சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பார் பாதியில் நின்றுவிட்டது. மாசிலாமணி பிடித்து ஸ்டாண்டில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு முடியலையே?"

"நேத்தும் முடியலை சார்." மாசிலாமணி பாரிலிருந்து கையை எடுத்தார். "பாதி நான்தான் தூக்கினேன். இத்தனை நாளும் அப்படித்தான்."

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தார். செல்வின் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீங்க சொல்லும்போது கேக்க நல்லா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்."

பிறகு அவரே எழுந்து, இரண்டு பக்கமும் பிளேட்டைக் கழற்றினார். மிஞ்சியது நாற்பது கிலோ. படுத்தார். பார் இறங்கியது, நடுங்கியது, மெல்ல மெல்ல ஏறியது.

"இது?"

"இது நீங்க சார். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

செல்வினுக்குச் சிரிப்பு வந்தது. அறுபது கிலோவுக்குக்கூட அவர் இப்படிச் சிரித்ததில்லை. பயிற்சி முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று என்னவோ கேட்டார். மாசிலாமணி திணறிப்போய், "பாப்போம் சார்" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. பைபாஸ் ரோட்டுக்காரர்கள்தான்.

"எந்தப் பிரிவைக் கேக்கட்டும் மாஸ்டர்? நீங்க இன்னும் சொல்லலையே."

"செல்வின் சார் வாசல்ல என்ன கேட்டாரு?"

"நாளைக்கும் நீங்கதானே நிப்பீங்கன்னு கேட்டாரு."

மாஸ்டர் தரையில் கிடந்த பிளேட்டுகளை எடுத்து அடுக்கினார்.

"விரல் கொடுக்காம கையை எடுத்த பிறகும் எந்தப் பிரிவுல உங்களை அப்படிக் கேப்பாங்களோ, அதைக் கேளுங்க அண்ணாச்சி."